தீபத்தன்று யாரும் ஏற முடியாத சுவர்

1. கார்த்திகை தீபத்தன்று மாலை, மலையுச்சியில் தீபம் தெரிந்தது.
2. செங்கம் சாலையில் ஒரு லாட்ஜின் மொட்டை மாடியில் நின்ற அத்தனை பேரும் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குவித்து அரோகரா சொன்னார்கள்.
3. கைப்பிடிச் சுவரின் மேல் நின்றிருந்த வாட்ச்மேனும் சொன்னார். சுவரில் ஏறியிருந்தவர்களை இறக்கிவிடத்தான் அவர் ஏறியிருந்தார்.
4. பக்கத்து மனையின் மாட்டுக் கொட்டகைக் கூரைமேல் விழுந்தார். வலது கால் முறிந்தது.
5. மறுநாளே லாட்ஜ் முதலாளி பூசணிக்காய் சுற்றி உடைத்தார்.
6. சுவர் அப்படியே இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி அது. சிவில் டிப்ளமா முடித்துவிட்டு, வேங்கிக்காலில் ஒரு கட்டடப் பொறியாளரிடம் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். சில மாதங்கள் கழித்து அந்த லாட்ஜுக்கு இரண்டாம் மாடி எழுப்ப முதலாளி வந்தார். வேலை என் மேசைக்கு வந்தது.

இடத்தைப் பார்க்கப் போனேன். பக்கத்து மனையில் கொட்டகையை எடுத்துவிட்டு சிமெண்டுத் தரை போட்டிருந்தார்கள். வாட்ச்மேன் காலை இழுத்து நடந்தபடி வேலைக்குத் திரும்பியிருந்தார். இந்தத் தீபத்துக்கும் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள அவரைத்தான் மேலே நிறுத்தப்போவதாக முதலாளி சொன்னார்.

"அவனுக்குத்தாம்மா அனுபவம் இருக்குது."

"ஆமா, விழுந்த அனுபவம்," என்றார் வாட்ச்மேன். "போன தடவ ஒரு மாடி. இப்ப ரெண்டு. மிச்சம் இருக்கறது ஒரு காலு. பாத்துப் போடுங்கம்மா படத்த."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சுவரின் பக்கம் வரவில்லை. மாடிப்படியின் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டார்.

ஆபத்து என்றால் மனிதர் கம்பியைப் பிடித்துக்கொள்வார் என்று எனக்குக் கற்றுத் தந்திருந்தார்கள். எங்கள் ஊரில் வருடத்தின் மிக ஆபத்தான நிமிடத்தில் எல்லோருடைய கையும் தலைக்கு மேல் இருக்கும், கண் மலையுச்சியில் இருக்கும். காலை யாரும் கவனிப்பதில்லை. மூன்றடி உயரச் சுவர், ஒன்பது அங்குலத்துக்குத் தட்டையான தலை. அதைத் தடுப்பு என்று நாங்கள் வரைந்துகொண்டிருந்தோம். பின்வரிசைக்காரர்களுக்கு அது மேடை.

முதலாளியிடம் ஒரு தீர்வு இருந்தது. "'சுவரில் ஏறாதீர்கள்'னு போர்டு மாட்டிடலாம்."

ஏறுகிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் என்றால் மாட்டலாம் என்றேன். அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

நான் வரைந்தது இது: நான்கடிச் சுவர். அதன் தலை உள்பக்கமாகச் சரிந்திருக்கும், கால் நிற்காது. சுவரை ஒட்டி ஒரு வரிசை நிற்கும். பின்னால் அகலமான மூன்று படிகள், அங்கே நிற்பவர்களுக்கு முன்னால் நிற்பவர் தலை மறைக்காது. ஏற வேண்டிய காரணமே இல்லாமல் போகும்.

முதலாளி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அகல் எங்கம்மா வெக்கிறது? சரிவுல வெச்சா உருண்டு ரோட்ல போறவன் தலைலதான் விழும்."

"உள்பக்கம்தாங்க சரிவு. மாடியில நிக்கறவங்க மேலதான் விழும்."

"அது இன்னும் ஜாஸ்தி மோசம்."

நியாயமான கேள்வி. தீபத்தன்று விளக்கு வரிசை இல்லாத கைப்பிடிச் சுவர் இந்த ஊரில் கிடையாது. படம் போடும்போது நான் அதை யோசிக்கவே இல்லை. அன்றே திருத்தினேன். சுவரில் ஒன்றரை அடி உயரத்தில், இரண்டு பக்கமும் திறந்த சதுர மாடங்கள். சுவரின் கனத்துக்குள் இருப்பதால் காற்றும் அவ்வளவாக அடிக்காது, சாலையிலிருந்தும் சுடர் தெரியும். எனக்கே பிடித்துப்போனது. மேஸ்திரியும் அழகாகக் கட்டி முடித்தார்.

பூச்சு காய்ந்ததும் வாட்ச்மேன் முதன்முறையாகச் சுவர்வரை வந்தார். மாடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, முறியாத காலை அதற்குள் வைத்தார். சரியாகப் பொருந்தியது.

"ஏன்மா, ஏறத் தெரியாதவங்க ஏறட்டும்னு படி போட்டுக் குடுத்துட்டீங்களா?"

மேஸ்திரி கரண்டியைக் கீழே வைத்தார். "நான் அப்பவே நெனச்சேன். இன்ஜினியரம்மா படத்துல இருக்குதுன்னு கட்டிட்டேன்."

"நெனச்சத சொல்லக் கூடாதா அண்ணே?"

"படத்துக்கு மேல பேசினா உங்க ஆபீஸ் சாருக்குப் புடிக்காதும்மா."

மாடங்களை அடைக்கச் சொன்னேன். விளக்குக்கு மறுபடி இடம் தேட வேண்டியிருந்தது. தரையில் வைத்தால் புடவை பற்றும். தண்ணீர்த் தொட்டிமேல் வைத்தால் அதில் ஏறுவார்கள். கடைசியில் மாடியை விட்டே கீழே இறக்கினேன். ஒவ்வொரு அறை ஜன்னலிலும் கம்பிக்கு வெளியே ஒரு சாண் சிமெண்டுப் பலகை. அறைக்குள் நின்றபடியே கம்பி வழியாகக் கையை நீட்டி அகல் வைக்கலாம். தங்கியிருப்பவர்கள் தாங்களே விளக்கேற்றலாம் என்பது முதலாளிக்கு உடனே புரிந்தது. ஒரு வாரத்தில் அது அவருடைய யோசனையாகிவிட்டது. நான் மறுக்கவில்லை.

தீபத்தன்று நானும் போனேன். மாடி நிறையக் கூட்டம். சுடர் தெரிந்ததும் கைகள் எல்லாம் ஒரே சமயத்தில் மேலே போயின. ஒருவர் மட்டும் சுவரில் எம்பிப் பார்த்து, வயிறு உரச உள்பக்கமே வழுக்கி இறங்கி, ஒன்றும் நடக்காதது போல அரோகரா சொன்னார். வாட்ச்மேன் அந்த மூன்று படிகளில் மேல்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அதட்டி இறக்க வேண்டியவர் யாரும் இல்லாததால் அவரும் தீபத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி அதைக் கவனித்துவிட்டார்.

"மேல ஆளே தேவப்படலியே. அடுத்த தடவ நீ கேட்ல நில்லு. அங்கதான் கூட்டம் நெருக்குது."

அப்போதிருந்து வாட்ச்மேன் தீபத்தன்று கேட்டில் நிற்கிறார். யாரும் விழவில்லை. கேட் கட்டடத்தின் தெற்கே இருக்கிறது, மலை வடக்கே. முன்பெல்லாம் அங்கிருந்தே உச்சி தெரியும். இப்போது நான் வரைந்த இரண்டாம் மாடி அதை மறைக்கிறது.