படுத்திருப்பவருக்கு வசனம் கிடையாது

பாண்டுரங்கனுக்குப் படுப்பதுதான் தொழில். டிவி தொடர்களில் கோமாவில் கிடக்கும் மாமனார், பக்கவாதம் வந்த முதலாளி, லாரி மோதிய பெரியப்பா என்று யாராவது ஒருவர் மாதக்கணக்கில் கண்மூடிக் கிடக்க வேண்டுமென்றால் வடபழனி ஸ்டுடியோக்களிலிருந்து அவருக்குத்தான் முதல் போன் வரும். அவர் மூச்சு விடுவது கேமராவுக்குத் தெரியாது. கதாநாயகி நெஞ்சில் விழுந்து புரண்டு அழுதாலும் இமை துடிக்காது.

கண்ணை மூடியதும் விளக்குகளின் சூடு இமைகளுக்கு மேல் செம்மஞ்சளாகப் பரவும். அதற்குள் மெல்ல இறங்கிவிடுவார். யாரோ டீ கேட்பதும், ஒயரை இழுத்துக்கொண்டு ஓடுவதும், டைரக்டர் கத்துவதும் தண்ணீருக்கு மேலே நடப்பவைபோலக் கேட்கும். அவர் மட்டும் அடியில், மணலில் முதுகு பதிய, எதற்கும் பதில் சொல்ல வேண்டாத இடத்தில் இருப்பார். அந்த இடம் அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது, அண்ணன் நந்தகுமார் நிஜமாகவே படுக்கும்வரை.

போன மழைக்காலத்தில் அண்ணனுக்கு மூளையில் ரத்தம் கசிந்தது. வாயில் குழாய். அதைப் பிடுங்கிவிடக் கூடாதென்று இரண்டு கைகளையும் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். மெஷின் மூச்சை அனுப்பியது. அண்ணனின் நெஞ்சு அதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்தது. ஒருநாள் ஓர் இளம் டாக்டரம்மா பாண்டுரங்கனை வெளியே அழைத்துத் தணிந்த குரலில் கேட்டார். "இந்த மாதிரி நிலைமை வந்தா என்ன செய்யணும்னு அவர் எப்பவாவது சொல்லியிருக்காரா சார்?"

அண்ணனும் பாண்டுரங்கனும் ஓர் ஆயுள் முழுக்கப் பேசியிருந்தார்கள். கிரிக்கெட், வெயில், மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்ட தெரு எல்லாம் பேசியாகிவிட்டது. இதை மட்டும் பேசவில்லை. அண்ணி ஒன்று சொன்னார், மகன் வேறொன்று சொன்னான். அந்தச் சண்டையிலேயே வாரங்கள் போயின. யாரும் முடிவு செய்வதற்குள் ஒரு காலையில் அண்ணன் போய்விட்டார்.

"இதை முன்னாடியே எழுதி வைக்கலாம் சார். ரெண்டு சாட்சி, ஒரு நோட்டரி கையெழுத்து போதும். நீங்க பேச முடியாதப்போ உங்களுக்காகப் பேசறவங்க பேரையும் அதுல போடணும்" என்று டாக்டரம்மா சொன்னது மட்டும் அவருக்குள் தங்கிவிட்டது.

எழுதுவதில் சிரமம் இல்லை. பெயர்தான் சிக்கல். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. லைட்மேன் கிச்சா, "என் பேர போட்டுக்கோ அண்ணாத்தே" என்றான்.

"நீ ஷூட்டிங் முடிஞ்சு பேக்கப் சொல்றதுக்கு முன்னாடியே லைட்ட அணைக்கிறவன்டா. சாட்சிக்கு மட்டும் வா, போதும்."

ஆகவே மிச்சம் அவரோடு குடித்தனம் நடத்தும் ஜெசிந்தாதான். நொச்சிக்குப்பத்துப் பெண். கடற்கரை ரோட்டோரம் மீன் விற்கிறவள். மயிலாப்பூர்ச் சந்தில் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறையில் அவள் வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"எனக்கு நெனப்பு தப்பி, இனிமே திரும்பாதுன்னு டாக்டருங்க சொல்லிட்டா, மெஷின்ல போட்டு இழுக்க வேணாம். அத சொல்றதுக்கு உன் பேர போடட்டா ஜெசி?"

"இன்னாது? உன்ன சாவடிக்கச் சொல்லி நான் சொல்லணுமா? போய்யா அப்பால."

"சாவடிக்க இல்ல. இழுக்க வேணாம்னு..."

"எத்தினி நாடகத்துல படுத்துக்கீற? எதுலயாச்சும் எழுந்துக்காம இருந்துக்கீறியா? போன தபா அந்த டாக்டரு முடிஞ்சிபோச்சுன்னு கைய விரிச்ச அப்பாலதான் உன் வெரலு ஆடுச்சு. என் கண்ணால பாத்தேன்."

"டைரக்டரு ஆட்டச் சொன்னாரு, ஆட்டுனேன்."

"இங்கியும் மேல ஒருத்தரு கீறாரு" என்று கத்தியும் கையுமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள். அதோடு பேச்சு முடிந்தது. அவளும் சொல்லாவிட்டால், தன் படுக்கையைச் சுற்றியும் ஆளுக்கொன்று பேசுவார்கள், தான் அடியிலிருந்து கேட்டுக்கொண்டே கிடக்க வேண்டியதுதான் என்று பாண்டுரங்கனுக்குத் தோன்றியது.

அதற்கடுத்த வாரம் கொட்டிவாக்கத்தில் ஒரு பங்களாவை ஆஸ்பத்திரியாக்கி ஷூட்டிங். நிஜம்போல இருக்க வேண்டுமென்று டைரக்டர் அவருடைய கைகளையும் கட்டிலோடு கட்டச் சொன்னார். சாப்பாட்டு நேரம் வந்தது. "கழட்டினா அடுத்த ஷாட்ல கட்டு மாறித் தெரியும், கன்டினியூட்டி போயிடும் சார், அப்படியே இருக்கீங்களா?" என்றான் உதவி டைரக்டர். அப்படியே இருந்தார். இருந்தவர் தூங்கிப்போனார்.

மேலே எங்கோ தட்டுகள் உரசின. யாரோ அவர் காலடியில் சாம்பார் வாளியை வைத்தார்கள்.

"பெருசு தூங்குதுபா, மெதுவா."

"தூங்குனா இன்னா? அதான அதோட வேலையே."

சிரிப்பு, வெகு தூரத்தில். உதட்டில் ஓர் ஈ உட்கார்ந்தது. கை எழவில்லை. எழுப்ப வேண்டுமென்றும் தோன்றவில்லை. அப்போது மீன் வாடையும் முகப்பவுடர் வாசனையும் ஒன்றாக அவர்மேல் கவிந்தன. யாரோ ஊதினார்கள். ஈ போயிற்று.

கொட்டிவாக்கத்தில் தங்கை பேரனின் ஞானஸ்நானத்துக்கு வந்த ஜெசிந்தா, அப்படியே அவரைப் பார்க்க வந்திருந்தாள்.

"யோவ்."

கேட்டது. ஆனால் அடியிலிருந்து மேலே வரும் வழி அன்றைக்கு நீளமாக இருந்தது.

"யோவ், கண்ண தொறய்யா." அவர் மணிக்கட்டிலிருந்த முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். "நந்து மாமாவும் இப்டிதான் கெடந்தாரா?"

அவள் அன்று ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிட்டவள். உள்ளே வர மறுத்துவிட்டாள்.

பாண்டுரங்கன் கண் திறந்தார். "ஆமா."

"அம்மா, கட்டு அவுக்காதீங்க, கன்டினியூட்டி..." என்று ஓடிவந்தான் உதவி டைரக்டர்.

"போவட்டும்" என்று இன்னொரு கையையும் அவிழ்த்தாள்.

சாயங்காலம் இருவரும் கடற்கரைக்கு நடந்தார்கள். ஈர மணலில் வானம் விழுந்து கிடந்தது. மிதிக்கும் இடத்தில் மட்டும் அது கலங்கி, பின்னால் மறுபடி கூடிக்கொண்டது.

"என் பேர போட்டுக்கோ" என்றாள் திடீரென்று. "ஆனா பொழைக்கிற நோவுன்னா வைத்தியம் பாப்பேன். பேப்பர நீட்டி தப்பிச்சுக்கலாம்னு பாக்காத."

"அத அப்டிதான் எழுதிக்கீறேன்."

"அப்பால, எனக்கும் ஒன்னு எழுது. அதுல உன் பேரு."

பாண்டுரங்கன் நின்றுவிட்டார். அவ்வளவு சுலபமாகத் தான் கேட்டது, அவள் வாயிலிருந்து வந்தபோது நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. அந்தக் கட்டிலில் அவளை வைத்துப் பார்க்க முயன்றார். முடியவில்லை. கட்டில் வந்தது, குழாய் வந்தது, அவள் வரவில்லை.

"இன்னா, ஷாக்கடிச்சிச்சா? எனக்கும் அன்னிக்கு இப்டிதான்யா இருந்துச்சு."

"உனக்கு இன்னா வேணும்னு மொதல்ல சொல்லு."

அலையைப் பார்த்தபடி சொன்னாள். "தொண்டையில குழா வேணாம். ஃபாதர கூப்புடு. என் தங்கச்சி வந்து கத்துவா, வெளிய அனுப்பு. தலய வாரி வுடு. மருந்து வாட இல்லாம கொஞ்சம் பவுடரு போடு. அப்பால டாக்டருகிட்ட போயி, போதும்னு சொல்லு." அவர் பக்கம் திரும்பினாள். "சொல்லுவியா?"

அலை வந்து இருவர் கணுக்காலையும் நனைத்துவிட்டுப் போயிற்று.

"சொல்றேன்" என்றார்.

"காதுல வுழல."

கரையேற்றியிருந்த படகின்மேல் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, பாண்டுரங்கன் அதையே உரக்கச் சொன்னார்.