திராட்சைப் பந்தலில் மூன்றாம் சுருள்

என் அண்ணனுக்குப் புகைப்படம் கிடையாது. குமுளிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவருக்குப் பத்தொன்பது, எனக்கு எட்டு. அந்த ஆண்டு மலைக் காய்ச்சலில் அங்கேயே இறந்துபோனார். உடலைக் கீழே கொண்டுவரவும் வழியில்லை. அதன் பிறகு வீட்டில் யாரும் அவரைப் பற்றி அதிகம் பேசவில்லை. பேச்சு நின்றதும் முகமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. நான் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்று எட்டு ஆண்டு ஆன நிலையிலும் பதினாறாம் வாய்ப்பாடு தடங்கலின்றி வந்தது. ஆனால் உடன்பிறந்தவர் முகம் வரவில்லை. விரலில் இருந்த மை நினைவிருக்கிறது, வேட்டியை மடித்துக் கட்டும் விதம் நினைவிருக்கிறது. கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லை.

இன்னொன்றும் நினைவிருக்கிறது. கடைசியாகப் பொங்கலுக்கு வந்தபோது, தன்னைச் சினிமா பிடித்திருக்கிறார்கள் என்று சொன்னார். தோட்டத்துத் துரையிடம் கையால் முடுக்கும் சின்னக் கேமரா ஒன்று இருந்ததாம். பேச்சும் பாட்டும் இல்லாத சிரிப்புப் படம், மூன்று சுருள். துரையும் சமையல்காரரும் தோட்டத்து ஆட்களும்தான் நடிகர்கள். அண்ணனுக்குக் கரடி வேடம். கறுப்புக் கம்பளியைத் தைத்துப் போட்டு, தலைக்கு மூங்கில் கூடை. படம் முழுக்க அந்தக் கூடைக்குள்தான் இருந்தாராம். கடைசியில் மட்டும் கழற்றுவாராம். அதைத் துரைமார் கூடும் கிளப்பின் சுவரில் போட்டுக் காட்டினார்களாம். நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

இரண்டாயிரத்து இரண்டு கோடையில் கம்பத்து ராவுத்தர் ஒருவர் என்னைத் தேடி ஆள் அனுப்பினார். பள்ளியில் என்னோடு படித்தவர். நாங்கள் ஒருவரை ஒருவர் மாமன் மச்சான் முறை சொல்லி அழைத்தே வயதாகிவிட்டோம். அவருடைய அத்தா, அதாவது தகப்பனார், அந்தத் தோட்டத்துக்கு அரிசி கொடுத்துவந்தவர். துரை சீமைக்குப் போகும்போது ஒரு மரப்பெட்டியை அவரிடம் விட்டுப் போயிருக்கிறார். அரிசி மூட்டை அடுக்கும் கிட்டங்கியின் கூரையை மாற்றும்போது அது மறுபடியும் கண்ணில் பட, என் அண்ணன் வேலை பார்த்த தோட்டத்துப் பெட்டியாயிற்றே என்று நினைத்திருக்கிறார்.

பெட்டியில் வட்டத் தகர டப்பாக்கள் மூன்று இருந்தன. மூடிகளில் ஆங்கிலத்தில் கரடி என்று எழுதி, ஒன்று, இரண்டு, மூன்று என எண் போட்டிருந்தது. முதல் டப்பாவைத் திறந்தபோது புளித்த காடி வாடை அடித்தது. உள்ளே பிலிம் இருந்தது. இரண்டாவதிலும் இருந்தது. மூன்றாவதில் பம்புசெட் வாசர்களும் கொஞ்சம் ஆணிகளும் கிடந்தன.

பிலிம் எங்கே என்று கேட்டேன். ராவுத்தர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். பிறகு, "திராட்சைக்குக் கட்டிட்டேன் மாப்ள," என்றார்.

எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு இது புரியும். காய் பழுக்கும் சமயம் கிளிகள் கூட்டமாக இறங்கும். பழைய கேசட்டின் நாடாவை உருவிப் பந்தலுக்கு மேலே இழுத்துக் கட்டுவார்கள். காற்றில் அது ரீங்காரம் போட்டு, வெயிலில் மின்னி, கிளியை அண்டவிடாது. போன ஆண்டு ராவுத்தரிடம் கேசட் தீர்ந்துபோயிருக்கிறது. பெட்டியைப் பற்றி அவருக்கு முன்பே தெரியும். மூன்றில் ஒன்றை எடுத்தவர் முதலாவதையோ இரண்டாவதையோ எடுத்திருக்கலாம். மேலே இருந்தது மூன்றாவது.

"வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாக்கலையா மாமா?"

"பாத்தேன். கறுப்பா என்னமோ ஓடுச்சு. எருமைன்னு நெனச்சேன்."

"எருமை ரெண்டு கால்லயா நிக்கும்?"

"துரைமாரு வளத்த எருமை, நின்னாலும் நிக்கும்னு விட்டுட்டேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் சிரிக்கவில்லை. என் வாயை அடைப்பதற்காகச் சொன்னதுதான். அண்ணனின் முகம் அந்தச் சுருளில்தான் இருந்தது என்று நான் சொன்ன பிறகு, சாயாவைக்கூடக் குடிக்காமல் ஜீப்பை எடுத்தார்.

தோட்டம் சுருளிப்பட்டிப் பாதையில் இருந்தது. ராவுத்தரும் நானும் அங்கே வேலை செய்த பெண்கள் இருவரும் ஏணி போட்டுப் பந்தலில் இருந்ததை அவிழ்த்தோம். முப்பத்தேழு துண்டுகள் கிடைத்தன. ஓர் ஆண்டு வெயில் அதன் மேல் விழுந்திருந்தது. அதைவிட மோசம் மருந்து. நோய்க்கு அடிக்கும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் ஒவ்வொரு தடவையும் இலையோடு சேர்த்து அதையும் நனைத்திருந்தன. நீலம் பூத்து, சில இடங்களில் பாலிதீன் தாள் போல வெறுமையாகிவிட்டது. ஒவ்வொன்றையும் வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றில் குதிரைக் கால்கள் தெரிந்தன. இன்னொன்றில் புல்தரை. மற்ற முப்பத்தைந்திலும் ஒன்றுமில்லை.

நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். ராவுத்தர் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் ஏணியைத் தூக்கிப் போன பெண் திரும்பி வந்து, "வாத்தியாரய்யா, மோட்டார் ரூமுல ஒரு சக்கரம் தொங்குதே, அதையும் பாத்தீகளா?" என்று கேட்டார்.

பந்தலுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவைத்தான் ராவுத்தர் உருவியிருக்கிறார். மிச்சம் சக்கரத்தோடு ஆணியில் தொங்கியது. உருவியது வெளிப்பக்கத்தை. அப்படியானால் உள்ளே இருப்பது படத்தின் முடிவு. 

அளந்து பார்த்தேன். பதினோரு அடி. அடிக்கு நாற்பது படம், ஆக நானூற்று நாற்பது. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவு. என் ஒரு கண்ணில் புரை, மற்றதில் அறுவை செய்த லென்ஸ். கறுப்பாக ஓர் உருவம் இருக்கிறது என்பதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

ஓட்டுவதற்கு அல்லிநகரத்திலிருந்து ஓர் ஆபரேட்டரைப் பிடித்தோம். முன்பு வேனில் ஊர் ஊராகப் போய்ச் சுகாதாரப் படம் காட்டியவர். வேலையை விட்டு வரும்போது பழைய மிசின் ஒன்றை ஏலத்தில் எடுத்து வைத்திருந்தார். ஜீப்பில் முதுகு வலிக்கிறது என்று சின்னமனூர் வரை குறைபட்டுக்கொண்டு வந்தார், அதன் பிறகு பசிக்கிறது என்றார். நான் அவரிடம் விவரமாகச் சொன்னேன்: இது பேசாத படம், விநாடிக்குப் பதினாறு படம் ஓட வேண்டும், பேசும் படத்துக்குத்தான் இருபத்து நான்கு. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என் மிசினுக்கு ஒரே ஓட்டந்தான் சார். ஆளுக கொஞ்சம் வெரசா நடப்பாக, அவ்வளவுதான்," என்றார்.

நிறுத்தி நிறுத்தி ஓட்ட முடியாதா என்று கேட்டேன். நிறுத்தினால் பல்பின் சூட்டில் பிலிம் கருகிவிடும் என்றார். பிலிமின் ஓரத்துத் துளைகள் சுருங்கிப்போயிருப்பதையும் காட்டினார். மிசினின் பல் அதில் ஒழுங்காக உட்காராதாம். ஒரு தடவைக்கு நான் பொறுப்பு, இரண்டாவது தடவைக்கு நீங்கள் பொறுப்பு என்றார்.

புதிதாக வெள்ளையடித்த கிட்டங்கிச் சுவரில், அந்தி மங்கி மஃரிப் தொழுகை முடிந்து எல்லோரும் வந்த பிறகு போட்டோம். ராவுத்தர் வீட்டார், தோட்டத்துப் பெண்கள், என் மனைவி, தெருவில் போனவர்கள் என்று முப்பத்தொரு பேர். சுருள் சுழன்றதும் மிசினின் ஒலிபெருக்கி, லாரி மாதிரி உறுமியது. சத்தம் இல்லாத படத்துக்கு எங்கிருந்து சத்தம் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓரத்துத் துளைகளைத்தான் மிசின் பாட்டு என்று நினைத்துப் படிக்கிறது என்று ஆபரேட்டர் சொல்லி, சத்தத்துக்கான திருகை அணைத்தார்.

துரை புல்தரையில் மேசை போட்டுத் தேநீர் குடிக்கிறார். புதரிலிருந்து கரடி வந்து பிஸ்கட்டை எடுக்கிறது. துரை சமையல்காரரைச் சந்தேகப்பட்டுத் திட்டுகிறார். கரடி திரும்ப வந்து, தேநீரைத் தட்டில் ஊற்றி ஆற்றிக் குடிக்கிறது. அப்போது பெண்கள் சிரித்த சிரிப்பு அடங்கவில்லை. துரையின் தொப்பியை மாட்டிக்கொண்டு கரடி சைக்கிளில் போகிறது. கம்பளி சங்கிலியில் சிக்கி, பின்புறம் கிழிந்து, உள்ளே கட்டியிருந்த வேட்டி வெளியே வருகிறது. "ஆத்தாடி, கரடி கோவணம் கட்டலையே, வேட்டியில்ல கட்டியிருக்கு," என்று யாரோ சொல்ல, ராவுத்தரின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஆரம்பத்தில் எனக்குக் கோபமாக வந்தது. இறந்துபோன மனிதரைப் பார்த்துச் சிரிக்கிறார்களே என்று. பிறகு அவர் அதற்காகத்தானே அந்த வெயிலில் கம்பளிக்குள் கிடந்தார் என்று தோன்றியது. ஐம்பத்தெட்டு ஆண்டு கழித்தும் சைக்கிளிலிருந்து விழுந்து முப்பது பேரைச் சிரிக்கவைக்கிறார். இவர் இவ்வளவு சிரிப்புக்காட்டுகிறவர் என்று எங்கள் வீட்டில் யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

இரண்டாம் சுருள் ஐந்து இடத்தில் அறுந்தது. ஒவ்வொரு தடவையும் ஆபரேட்டர் டேப் போட்டு ஒட்டினார். அதன் பிறகு பதினோரு அடி. மிசினின் வேகத்தில் பதினெட்டு விநாடிக்குக் கொஞ்சம் அதிகம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். மூக்குக் கண்ணாடியை இரண்டு தடவை துடைத்தேன்.

கரடி ஓடிவந்து ஒரு மரப் பெஞ்சில் உட்கார்ந்தது. இரண்டு கையாலும் தலையைப் பிடித்து இழுத்தது. வரவில்லை. மறுபடியும் இழுத்தது. கூடை கழன்றது. வியர்வையில் முடி நெற்றியோடு ஒட்டியிருக்க, ஒரு பையன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எங்களைப் பார்த்தான். பையன்தான். என் பேரனைவிடச் சின்னவன். சிரித்தான். பிறகு வாயைத் திறந்து ஏதோ சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் சுவர் வெள்ளையாகிவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. என் மனைவிதான் முதலில் பேசினாள். "நம்ம மூத்தவன் தாடைங்க அது," என்றாள். பிறகு, "என்ன சொல்றாக உங்க அண்ணன்?" என்று கேட்டாள்.

தெரியவில்லை. ஆளுக்கொன்று சொன்னார்கள். உதடு ஒட்டிப் பிரிந்ததால் 'அம்மா' என்கிறார் என்றார் ஒருவர். தண்ணீர் கேட்கிறார் என்றார் ராவுத்தர். அந்தக் காட்சியில் துரை இல்லை, கேமராவுக்குப் பின்னால் நின்றவர் அவராகத்தான் இருக்கும். அவரிடம் இங்கிலீஷில்தான் ஏதாவது சொல்லியிருப்பார் என்றேன் நான். அப்படிச் சொல்லும்போது எனக்கே பிடிக்கவில்லை.

"இன்னொரு வாட்டி போடச் சொல்லு மாப்ள. உன் கண்ணு பாக்கட்டும்," என்றார் ராவுத்தர். ஆபரேட்டர் பிலிமை விரலால் தடவி, ஒன்பது துளைகள் கிழிந்துவிட்டன என்று காட்டினார். ஓடினாலும் ஓடும், போனாலும் போகும் என்றார். முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். முகத்தைப் புகைப்படமாக எடுக்கப் பிலிம் மிஞ்ச வேண்டும், போதும் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் ஸ்டுடியோக்காரர் துண்டை விளக்கு மேசையில் வைத்து, பெரிதாக்கும் கண்ணாடியைக் கொடுத்தார். கூடைத் தலை கழன்ற பிறகு நூற்று அறுபத்திரண்டு படங்கள். எல்லாவற்றையும் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் அவர் இருந்தார், எதிலும் அசையவில்லை. கிட்டங்கிச் சுவரில் நான் பார்த்தவர் அவற்றில் எதிலும் இல்லை. அந்தப் பையனைப் பார்க்க வேண்டுமென்றால் ஓட்ட வேண்டும். ஓட்டினால் போய்விடும். இப்போது அதுவும் முடியாது. மூன்று மழைக்குள் பிலிம் பலாச்சுளை மாதிரி வளைந்து இறுகிவிட்டது. ராவுத்தரும் போய்விட்டார்.

அன்று, வாய் மூடியிருக்கிற படமாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள் சார், மாலை போட லட்சணமாக இருக்கும் என்று ஸ்டுடியோக்காரர் சொன்னார். அப்படி எண்பது இருந்தன. நான் வாய் திறந்திருப்பதைக் கேட்டு வாங்கினேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, இவர் என்ன சொல்கிறார் என்று கேட்கிறார்கள். கேட்கட்டும் என்றுதான் மாட்டியிருக்கிறேன்.