மணியை நடுவில் படுக்க வைத்தவர்

செய்தி வந்தபோது நான் தென்காசி சந்தையில் கீரைக்காரியோடு பேரம் பேசிக்கொண்டிருந்தேன். போனில் சண்முகத்தாய் டீச்சரின் மகன் கதிரேசன், திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலிருந்து. "அம்மா போய்ட்டாவ டீச்சர்" என்றான். கூடவே, "அப்பா வீட்டுலதான் இருக்காரு. நீங்க போய்ச் சொல்லிருங்க" என்றான். பெற்றவள் போன செய்தியைத் தகப்பனிடம் சொல்ல ஒரு மகன் பக்கத்துத் தெருக்காரியை அனுப்புகிறான். அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. போனேன், சொன்னேன். டீச்சரின் கணவர், ஊரே ஏட்டையா என்று கூப்பிடும் பழைய போலீஸ்காரர், "எப்பம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

டீச்சரிடம் கணக்குப் படித்தவர்களுக்கும், என்னைப் போல அவரோடு வேலை பார்த்தவர்களில் பலருக்கும் இந்த வீட்டு விஷயம் தெரிந்திருக்காது. மகன் போலீசாக வேண்டும் என்பது ஏட்டையாவின் ஆசை. எழுத்துத் தேர்வில் தேறிய கதிரேசன், ஓட்டப் பரீட்சைக்குப் போகிற வழியில் ஆலங்குளத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கித் திரும்பி வந்துவிட்டான். இப்போது குற்றாலத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். அன்றைக்கு நின்ற பேச்சு நின்றதுதான். ஆனால் ஒரே வீடு, ஒரே குளியலறை, பேசாமல் எப்படி முடியும்? வீட்டில் மணி இருந்தது. நாட்டு நாய், செம்மண் நிறம். "மணி, தண்ணி மோட்டார அமத்தச் சொல்லு" என்பார் அப்பா. "மணி, அமத்தியாச்சுன்னு சொல்லு" என்பான் மகன். மணி இவரைப் பார்க்கும், அவனைப் பார்க்கும். கோபத்தில் பிள்ளையிடம் பேசுவதுபோல் புருஷனுக்குச் சொல்கிறவர்கள் நம் வீடுகளிலும் உண்டு. இரண்டு நாளில் சரியாகிவிடும். இங்கே வருஷக்கணக்காக அப்படியே நிலைத்துவிட்டது.

வீட்டில் ஆளுக்கு ஓர் அறையும் கதவும் இருப்பதால்தான் இது நீள்கிறது என்று டீச்சர் முடிவு கட்டினார். இரண்டு டென்ட் வாங்கினார். பழைய குற்றாலம் போகிற வழியில் அவருடைய தம்பியின் தென்னந்தோப்பு இருக்கிறது. லீவு விட்டால் குடும்பத்தோடு அங்கே போய்த் தங்குவார்கள். வீடு வாசல் இருக்கிறவர்கள் தோப்பில் போய்ப் படுக்கிறார்களே என்று தெருவில் சிரித்தார்கள். துணைக்கு நானும் சில முறை போயிருக்கிறேன். எங்கள் இருவருக்கும் ஒரு டென்ட், அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரு டென்ட், அவர்களுக்கு நடுவில் மணி. படுக்கப் போகும் முன் மணியை நடுவில் விரித்த சாக்கில் படுக்கவைத்துவிட்டு வருவார் டீச்சர். "இந்தக் கணக்குக்கு விடை வந்தே தீரும்" என்பார். நானும் நம்பினேன்.

மணியைப் போல ஒழுங்கான நாயை நான் பார்த்ததில்லை. புளியறையில் வாங்கிவந்த புரோட்டாவையும் கோழியையும் இலையில் பிரித்து வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். 'இரு' என்றால் இருக்கும். ஒருநாள் குரங்குகள் வந்து பொரிப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போயின. அப்போதும் அது இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. தன் வகுப்பில் ஒன்றுகூட இப்படி அமையவில்லையே என்று டீச்சர் அலுத்துக்கொண்டார்.

ஒரு மார்கழி லீவில் சாயங்காலம் காற்றும் மழையும் சேர்ந்து அடித்து ஆண்களின் டென்ட் அப்படியே சரிந்து விழுந்தது. அப்பாவும் மகனும் துணிக்கடியில் மாட்டிக்கொண்டார்கள். டீச்சர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். இப்போதாவது ஒருவன் 'அப்பா' என்பான், ஒருவர் 'ஏலே' என்பார் என்று காத்திருந்தோம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள், "மணி! மணி!" என்று. மணி வாலை ஆட்டியபடி வெளியே நின்றுகொண்டிருந்தது. டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு தென்னைமரத்துப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார்.

கடைசியாகப் போனது இந்த வருஷத்துச் சாரல் சீசனுக்கு. வைத்தியத்தில் முடி கொட்டி டீச்சர் பாதியாகியிருந்தார். வேண்டாம் என்று எத்தனையோ சொல்லியும் கேட்கவில்லை. டென்ட் வாசலில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் என்னிடம் சொன்னார்: "நாய ரொம்ப ஒழுங்கா வளத்துட்டேன் டீச்சர். அதான் தப்பாப் போச்சு. ஒரு நாளு யாரையாவது கடிச்சு வச்சிருந்தா, ரெண்டு பேரும் பதறியடிச்சுப் பேசியிருப்பாவ." சற்று நேரம் கழித்து, மணிக்கு இரண்டு வருஷமாகவே காது கேட்பதில்லை என்றும் சொன்னார். நம்முடைய வாயையும் கையையும் பார்த்தே எல்லாம் செய்கிறதாம். ஆண்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா அதுகிட்ட பேசுததையும் விட்டுருவாவ. பெறகு வீட்டுல ஒரு சத்தமும் இருக்காது" என்றார்.

தகனம் முடிந்து ஆண்கள் வீடு திரும்பினார்கள். மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக வாசலில் நின்றான் கதிரேசன். எதிரே ஏட்டையா. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. இன்றைக்குக் கூடவா என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஏட்டையா தொண்டையைச் செருமினார். "மணி, அவன் ஈரத்தோட நிக்கான். வேட்டிய மாத்தச் சொல்லு" என்றார். "மாத்துதேன்னு சொல்லு" என்று உள்ளே போனான் அவன். மணி பந்தல் நாற்காலிகளுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. தலையைக்கூடத் தூக்கவில்லை.

மணிக்கும் வயதாகிவிட்டது. இன்னொரு சாரலைப் பார்க்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த வீடு சரியாகும் என்றும் தோன்றவில்லை. டீச்சரைப் போல நம்பிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. அவர் என்னிடம் மட்டும் விட்டுப்போனது அந்த நாய்க்குக் காது கேட்காது என்கிற ஒரு சங்கதிதான். அதையும் இதோ எழுதிவிட்டேன். அப்பனும் மகனும் இதைப் படித்துவிட்டு என்னோடு சண்டைக்கு வரட்டும். வருவார்கள். தனித்தனியாகத்தான் வருவார்கள்.