மதகு திறந்தவள்

தங்கச்சி பேரைக் கேட்டாலே தில்லையம்மாளுக்கு வயிறு எரியும். செவிலிமேட்டில் அவளை யாருக்கும் தெரியாது. இந்தத் தெருவுக்கு வாடகைக்கு வந்து பத்து நாள்தான். அங்கேயும் அந்தப் பேர் விடவில்லை. மகள் சந்தியாவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க ரேணுகாம்பாள்தான்: தலையில் முண்டாசு, பாதி முகத்தில் சேறு, கையில் மதகு திருகும் முழநீள இரும்புச் சாவி. "சித்தி செம்ம மாஸ்மா" என்று நாளெல்லாம் சித்தி புராணம். பெற்றவள் ஒருத்தி இங்கே சட்டி கழுவிக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு ஸ்டேட்டஸில் இடமில்லை.

அப்படி என்னதான் கிழித்துவிட்டாள் அந்த ரேணுகா? சொல்கிறேன். தென்னேரிப் பக்கம் அவர்கள் ஊரில் ஏரி மதகைத் திறந்து வயல் வயலாகத் தண்ணீர் திருப்பிவிடுவது காலனிக்காரர்கள் வேலை. அந்த வேலை செய்பவரை நீர்க்கட்டி என்பார்கள். வேலைதான் காலனிக்கு, தண்ணீர் மேல்தெருவுக்கு. அவர்கள் பயிர் குடித்த மிச்சம் காலனி நிலத்துக்கு. மிச்சம் எந்த வருஷம் இருந்தது? நீர்க்கட்டியாக இருந்த அப்பா நோயில் படுத்தபின் வருஷக்கணக்காக அந்தச் சாவியைத் திருகியவள் தில்லைதான். தன் வீட்டு நாற்று கருகுவதைப் பார்த்துக்கொண்டே மேல்தெருவுக்குத் திறந்துவிட்டாள். போன வருஷம் புருஷன் வேலைக்காக ஊரைவிட்டுக் கிளம்பியபோது சாவி தங்கச்சி கைக்குப் போனது.

முதல் போகத்திலேயே ரேணுகா காலனிப் பக்கம் திருப்பிவிட்டாள். தடுக்க வந்த மேல்தெரு ஆள் அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்தான். அதே சாவியால் ஒரு போடு போட்டாள், அவன் கை முறிந்தது. கேஸ் ஆனதும் கரும்புக் கொல்லைக்குள் மறைந்தவள்தான். மதகுக்குப் பூட்டுப் போட்டார்கள். உடைத்துத் திறந்துவிட்டு மறுபடி மறைந்தாள். காலனியில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் அவளுக்குச் சோறு. அந்தச் சாவி தன் கையிலும்தானே இருந்தது, தனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று நினைத்த போதெல்லாம் தில்லைக்குத் தங்கச்சி மேல்தான் ஆத்திரம் வந்தது.

ஒரு காலையில் அவளே வந்து வாசலில் நின்றாள். "பசிக்குதுக்கா." தில்லை சோறு போட்டாள். சந்தியா பக்கத்தில் உட்கார்ந்து சித்தி தலைக்கு எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்தாள். அம்மா தலையை அவள் ஒருநாளும் தொட்டதில்லை. ஒரு போன் போட்டால் போதும் என்று தில்லை நினைத்தாள். நினைக்கவில்லை என்று பொய் சொல்ல எனக்கு வராது.

போன் போடாமலே மத்தியானம் போலீஸ் ஜீப் வந்துவிட்டது. ரேணுகா உள்ளறையில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஏட்டு செல்போனை நீட்டினார். அதே முண்டாசுப் போட்டோ.

"ரேணுகாம்பாள் அக்கா வீடு இதானே? எங்க அவ?"

உள்ளறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தால் முடிந்தது கதை. அறை வாசலில் சந்தியா அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். தில்லை போட்டோவைப் பார்த்தாள். சேற்றுக்கு வெளியே தெரிந்த பாதி முகம் தன் முகம் மாதிரியே இருந்தது. அக்கா தங்கச்சி இரண்டு பேரும் ஒரே அச்சு.

"அது நான்தான் சார்."

"நீயா? அப்போ அக்கா எங்க?"

"வேலைக்குப் போயிருக்குது."

"மதகத் தொறந்தது நீதானா?"

"எப்பவோ தொறந்திருக்கணும் சார். லேட்டாயிடுச்சு."

கொடியில் கிடந்த துண்டை எடுத்து முண்டாசு கட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். தெரு கூடிவிட்டது. "இவங்கதான் ரேணுகாவாம்பா" என்று ஒருத்தி சொல்ல, எதிர்வீட்டுக்காரி கையெடுத்துக் கும்பிட்டாள். தில்லைக்கு மறுபடி வயிறு எரிந்தது. ஜெயிலுக்குப் போவது இவள், பேர் அவளுக்கு.

சந்தியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். அம்மா என்று மகள் ஒரு தடவை கூப்பிட்டால் போதும், எல்லாம் கெட்டுப்போகும். கெட்டாலும் பரவாயில்லை, கூப்பிடட்டும் என்றிருந்தது தில்லைக்கு.

சந்தியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏட்டு காதில் விழும்படி சொன்னாள்:

"பத்திரமா போய்ட்டு வா சித்தி."