மூன்று பனியன் போட்ட நாள்

சென்ற ஆண்டு மே மாதம் நான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை 10.20 மணி. அக்னி நட்சத்திரம் தொடங்கிய நாள், இலைகூட அசையவில்லை. திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ் ஏறினேன். சட்டைக்குள் மூன்று பனியன் போட்டிருந்தேன்.

காரணம் இதுதான். சர்க்கரை வந்த பிறகு எழுபத்திரண்டு கிலோவிலிருந்து ஐம்பத்தெட்டுக்கு இறங்கிவிட்டேன். டாக்டர் நல்லது என்றார். ஆனால் தெருவில் பார்த்தவர்கள் எல்லாம், "இன்னா சார், இப்படி எளச்சிப் பூட்டீங்க?" என்றார்கள். அக்கறையாகத்தான் கேட்டார்கள். இரண்டு வருடத்தில் அறுபத்தேழு பேர், எண்ணி வைத்திருக்கிறேன். கண்ணாடி பார்ப்பதை விட்டேன். நடைப்பயிற்சி நின்றது. தூக்கம் மூன்று மணி நேரமாகக் குறைந்தது. விழுப்புரத்தில் எங்கள் ஓய்வூதியர் கூட்டத்துக்கும் இரண்டு முறை போகவில்லை. இந்த முறையும் போகாவிட்டால் இனி எங்குமே போக மாட்டேன் என்ற பயத்தில்தான், உடம்பு பூசினாற்போலத் தெரிய அந்த ஏற்பாடு.

மூன்று பேர் சீட்டில் ஜன்னலோரம் ஒரு பருமனான அம்மா. நாற்பது வயது இருக்கும். நடுவில் ஒருவர். எனக்குக் கிடைத்தது அரை அடி. "மூணு பேர் சீட்டுன்னு பேர்தான், ரெண்டு பேருக்கே பத்தலை" என்று சற்று உரக்கவே முணுமுணுத்தேன். அந்த அம்மா ஜன்னல் பக்கம் இன்னும் ஒடுங்கிக்கொண்டார்.

விக்கிரவாண்டி நெருங்கும்போது கண் இருட்டியது. பிறகு தெரிந்தது இவ்வளவுதான்: பஸ் நிற்கிறது, நான் சீட்டில் படுத்திருக்கிறேன், அந்த அம்மா பையிலிருந்து கத்தரிக்கோல் எடுத்து என் மூன்று பனியனையும் ஒரே வீச்சில் வெட்டுகிறார். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸாம்.

"இன்னாபா இது, பெருசு மூணு பனியன் மாட்டிக்கினு கீது" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"குளிர் ஜுரம் வந்தவருக்கு வேற இன்னா பண்ணுவாங்க? தள்ளுங்க, காத்து வரட்டும்" என்றார் அந்த அம்மா. சிரிப்பு அடங்கியது. எனக்கு ஜுரம் இல்லை என்பது தொட்டுப் பார்த்த அவருக்குத் தெரியாதா?

டூட்டிக்கு நேரமானதையும் பொருட்படுத்தாமல் என்னோடு இறங்கி, பஸ்ஸை அனுப்பிவிட்டார். புளியமர நிழலில் உட்காரவைத்து இளநீர் வாங்கிக் கொடுத்தார். பனியன் பற்றி அவர் கேட்கவே இல்லை. நானாகத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டு விஷயத்துக்கு மன்னிப்பும் கேட்டேன்.

அவர் சிரித்தார். "நானும் இடுப்புல பெல்ட்டு இறுக்கிக் கட்டிக்கினு டூட்டி பாத்தவதான் சார். மூச்சு முட்டி ஒருநாள் வார்டுலயே உழுந்தேன். அன்னிக்குக் கழட்டிப் போட்டதுதான். நீங்க சொன்னீங்களே, அந்த மாதிரி தினம் நாலு பேர் சொல்றாங்க. அதுக்காக பஸ் ஏறாம இருக்க முடியுமா?"

மனசுக்குள் கணக்குப் போட்டேன். தினம் நாலு பேர் என்றால் வருடத்துக்கு ஆயிரத்துக்கு மேல். நான் அறுபத்தேழுக்கே வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த பஸ்ஸில் முண்டியம்பாக்கம் வரை கூடவே வந்தார். தூக்கம் வராவிட்டால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள் என்று சொல்லி இறங்கினார். அவர் இறங்குமுன் இளநீர்க் காசை மட்டும் வற்புறுத்திக் கையில் திணித்தேன்.

வெறும் சட்டையோடு கூட்டத்துக்குப் போனேன். வாசலிலேயே ஒரு பழைய நண்பர், "என்ன சார், பாதியாயிட்டீங்க?" என்றார். "பாதி இல்லை சார், பதினாலு கிலோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

இப்போது யாரைப் பார்த்தாலும் உடம்பைப் பற்றி நான் முதலில் கேட்பதில்லை. பனியன் மூன்றுக்கு 435, இளநீர் 50, இரண்டாவது டிக்கெட் 30. இரண்டு வருடம் என்னை வீட்டுக்குள் வைத்திருந்த வெட்கம் என்னை விட்டுப் போக ஆன செலவு ஐந்நூற்றுப் பதினைந்து ரூபாய்.