வாய் திறக்காமல் பேசிய சம்பளம்

திண்டுக்கல்லில் ஒரு வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. புதிதாக வேலைக்குப் போகிறவர்களுக்கு உதவும் என்று, நான் வேலை கேட்டுப் போன நாளைப் பற்றி எழுதச் சொன்னார்கள்.

அதற்கு முன்பு மில்லில் வாட்ச்மேன். மில்லை மூடிவிட்டார்கள். வீட்டு வாடகை, மகளின் காலேஜ் பஸ் எல்லாம் சேர்த்து மாதம் பத்தாயிரம் இல்லாமல் முடியாது. "பத்துக்குக் கொறச்சலா ஒத்துக்கிட்டு வந்துராதீங்க" என்று சொல்லித்தான் மனைவி அனுப்பினாள்.

ஆபீசில் வக்கீல் சாரும் டைப்பிஸ்ட் பிலோமினாவும் மட்டும்தான். கேஸ் கட்டுகளைக் கோர்ட்டுக்குத் தூக்கிப் போவதும் நகல் வாங்கி வருவதும் வேலை என்றார் சார்.

"சம்பளம் ஏழாயிரம். மத்தபடி கட்சிக்காரங்க அம்பது நூறு குடுப்பாங்க. கேட்டு வாங்கிக்க."

"எனக்குக் கேக்க வராது சார்."

"குமாஸ்தாவுக்கு அதானய்யா மொத வேலை!"

அந்த நேரம் எரியோட்டிலிருந்து ஒரு விவசாயி பாதைத் தகராறு என்று வந்தார். சார் விவரம் கேட்டுக்கொண்டார். ஃபீஸை வக்கீல் தன் வாயால் சொல்வதில்லை; குமாஸ்தாதான் பேசுவார். பழைய குமாஸ்தா வேலையை விட்டு நின்றுபோனது பழக்கதோஷத்தில் சாருக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. "ஃபீஸ அவர்ட்டப் பேசிக்கங்க" என்று என்னைக் காட்டிவிட்டு ஒரு கேஸ் கட்டைப் பிரித்தார்.

என்ன ஃபீஸ் என்று எனக்கு எப்படித் தெரியும்? விவசாயியைப் பார்த்தேன்.

"எட்டாயிரம் தாரேண்ணே."

எச்சில் விழுங்கினேன்.

"சரி, பத்து."

ஃபேனைப் பார்த்தேன்.

"என்னண்ணே, இம்புட்டுக் கறாரா இருக்கீங்க? பதினஞ்சு. அதுக்கு மேலன்னா மாட்டத்தான் விக்கணும்."

மாடு என்றதும் பயந்துபோய், "போதும்ணே" என்றேன்.

அவர் போனபின் சார் என்னைச் செத்த நேரம் பார்த்தார்.

"சரிப்பா, எட்டு வச்சுக்க."

பத்து என்று சொல்ல நினைத்தேன். நாக்கு எழவில்லை.

"ஒம்பது."

பிலோமினா சிரித்துவிட்டார். "சார், எரியோட்டுக்காரர் மாதிரியே ஏறுறீங்க."

"நீ டைப் அடிம்மா. பத்து."

"போதும் சார்."

வெளியே வந்து பிலோமினா சொன்னார்: "அவசரப்பட்டுட்டீங்களேண்ணே. பழையவருக்குப் பன்னெண்டு."

சம்பளம் பேசப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வேண்டிய தொகையை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். அது வரும்வரை வாயைத் திறக்காதீர்கள். வந்த பிறகும் கொஞ்சம் ஃபேனைப் பாருங்கள்.