பத்து மணி நோட்டு

எங்கள் கம்பெனி செக்யூரிட்டி ரூமில் ஒரு நோட்டு இருந்தது. லே-ஆஃப் விட்ட பிறகு எங்களுக்கு வேலை என்றால் அந்த நோட்டில் கையெழுத்துப் போடுவதுதான்.

லே-ஆஃப் என்றதும் வேலையை விட்டே எடுத்துவிட்டார்கள் என்று என் மாமியார் நினைத்தார். எடுக்கவில்லை. வேலையும் கொடுக்கவில்லை. கார் விற்கவில்லை என்று பெரிய கம்பெனிக்காரன் ஆர்டரைக் குறைத்தான். அவனுக்குக் கதவுத் தகடு அடித்துக் கொடுப்பது நாங்கள். தகடு அடிக்கும் எங்கள் பிரஸ் மிஷின் நின்றது. முதலில் காண்ட்ராக்ட் ஆட்களை நிறுத்தினார்கள். ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது கேட்டில் ஐடி கார்டை வாங்கிக்கொண்டார்கள். அவ்வளவுதான். பர்மனென்ட் ஆட்களை அப்படி அனுப்ப முடியாது. அதனால் லே-ஆஃப்.

பாதிச் சம்பளம். அதற்கு ஒரு கண்டிஷன். தினமும் காலை பத்து மணிக்கு கேட்டுக்கு வர வேண்டும். பத்தேகால் வரை நோட்டு வெளியே இருக்கும். போட்டுவிட்டுப் போகலாம். வேலை வந்தால் அன்றைக்கே உள்ளே கூப்பிடுவார்கள். வராவிட்டால் அன்றைய பாதியும் போச்சு. தொடர்ந்து வராவிட்டால் தானாக வேலையை விட்டதாக எடுத்துக்கொள்வார்கள். ஹெச்.ஆர். இதை வாசித்துக் காட்டினார். "நாங்க போட்ட ரூல் இல்லப்பா, சட்டத்துலயே இருக்கு" என்றார். இருக்கலாம். நான் ஒன்பதாவது வரைதான் படித்தேன்.

கம்பெனி பஸ்ஸையும் நிறுத்திவிட்டார்கள். மண்ணூரிலிருந்து ஒரகடத்துக்கு என் வண்டியில்தான் போனேன். போக முக்கால் மணி, வர முக்கால் மணி. அரை நாளுக்கு எவனும் வேலை தருவதில்லை. எட்டு மணிக்கு வா என்கிறார்கள். மச்சான் பெயின்ட் வேலைக்குக் கூப்பிட்டான். போகவில்லை.

"பத்து மணிக்கு ஒரு கையெழுத்து. அதுக்கோசரம் நாள் பூரா போவுது. உட்டுட்டு அவன்கூட போயேன்" என்றாள் என் மனைவி.

"பர்மனென்ட்" என்றேன்.

"ஆமா. வூட்ல குந்திகினு கீற பர்மனென்ட்."

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் ஏழு வருஷம் காண்ட்ராக்ட்டில் இருந்தேன். சில மாதத்துக்கு ஒருமுறை நிறுத்துவார்கள். வேறு காண்ட்ராக்டர் பேரில் புது ஆளாக எடுப்பார்கள். அப்படி ஏழு வருஷம். பெண் பார்க்கப் போனபோது இவள் அப்பா என்னைக் கேட்ட ஒரே கேள்வி, பர்மனென்டா என்பதுதான். அப்போது ஆகியிருந்தேன். இப்போது விட்டால் திரும்பக் கிடைக்காது. என் வயசுக்கு காண்ட்ராக்ட்டில்கூட எடுக்கமாட்டார்கள்.

எங்கள் பிரஸ்ஸுக்கு இரண்டு ஆள். அந்தப் பக்கம் ஒருவன், இந்தப் பக்கம் ஒருவன். இரண்டு பேரும் இரண்டு கையையும் பட்டனில் வைத்தால்தான் பிரஸ் இறங்கும். யார் கையும் உள்ளே மாட்டக்கூடாது என்று அப்படிச் செய்திருந்தார்கள். என் எதிர்ப்பக்கம் நின்றவன் ஒரு மதுரைக்காரன். ஒன்பது வருஷம் எதிரெதிரே நின்றோம். சத்தத்தில் பேச முடியாது. ஆள் முகத்தைப் பார்த்தே வேலை ஓடும்.

லே-ஆஃப் விட்டு ஒரு மாதம் இருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டு எதிர் டீக்கடையில் நின்றிருந்தோம்.

"அண்ணே, படப்பைப் பக்கம் ஒரு குடோன்ல லோடு ஏத்துற வேல. காலைல எட்டுக்குப் போகணும். எனக்கும் சேத்துப் போட்டுருங்கண்ணே" என்றான் மதுரைக்காரன்.

"மாட்னா?"

"வெறும் நோட்டுண்ணே. யாரு பாக்கப்போறா?"

"உன் கையெழுத்து கோழி கிளறுன மாரி கீது. நான் எப்டி போட்றது?"

"அப்ப ஈஸிதானண்ணே. நீங்களும் கிளறி விடுங்க."

அவனுக்கு வாடகை வீடு. இரண்டு பிள்ளைகள். சரி என்றேன். ஒரு பேப்பரில் போட்டுக் கொடுத்தான். வீட்டில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன்.

"இன்னா, திரும்ப இஸ்கூலுக்குப் போறியா?" என்றாள் மனைவி.

கேட்டில் நோட்டு வைத்திருந்த செக்யூரிட்டி வயதானவர். முதல் நாள் நான் இரண்டு வரியில் போட்டதைப் பார்த்துவிட்டார். பேனாவை வைத்தேன். "எனக்குக் கண்ணு சரியா தெர்ல நைனா" என்றார். மறுநாளிலிருந்து நான் வந்தால் குழாயடிக்குப் போய்விடுவார்.

இப்படியே ஒரு மாதம் ஓடியது.

ஒரு நாள் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். சூப்பர்வைசர் உள்ளேயிருந்து ஓடி வந்தார். "யாரும் போவாதீங்க. வேல வந்துகீது." வேறு எங்கோ மிஷின் உடைந்து அந்த ஆர்டர் எங்களுக்கு வந்ததாம். பின்னாலேயே ஹெச்.ஆர். வந்தார். நோட்டைக் கையில் எடுத்துப் பேர் படித்தார். பேர் வந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். என் பேர் வந்தது. அடுத்து மதுரைக்காரன் பேர்.

யாரும் முன்னால் வரவில்லை.

"சைன் இருக்கு. ஆள் எங்க?"

"டீ குடிக்கப் போய்ருப்பான் சார்" என்று யாரோ சொன்னார்கள்.

"சரி. வரட்டும்."

நான் ஓரமாகப் போய் போன் அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. குடோனில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று அவன் முன்பே சொல்லியிருந்தான். இருந்தும் நான்கு தடவை அடித்தேன். படப்பையிலிருந்து இருபது நிமிஷத்தில் வந்துவிடலாம். அரை மணி நேரம் போனது.

ஹெச்.ஆர். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நோட்டை என் பக்கம் திருப்பினார். என் கையெழுத்தில் விரலை வைத்தார். அப்புறம் மதுரைக்காரன் வரியில் வைத்தார். கோபப்படவில்லை.

"உன் பார்ட்னர்தானே. அவனே போட்டானா, நீ போட்டியா? அவனே போட்டான்னா, வேலை குடுத்தும் செய்யாம போய்ட்டான். அவன் ஒருத்தன் கதைதான். நீ போட்டன்னா நீயும் சேத்தி. நோட்டு வெச்சிருந்த பெரியவரும் சேத்தி. நீயே சொல்லு."

உள்ளே கம்ப்ரஸர் ஓடும் சத்தம் கேட்டது. இரண்டு மாதமாகக் கேட்காத சத்தம்.

"அவன்தான் போட்டான் சார்" என்றேன்.

"சரி. போய் யூனிஃபார்ம் மாத்து."

நோட்டை அவர் கையோடு எடுத்துக்கொண்டு போனார்.

அன்றைக்கு என் எதிர்ப்பக்கம் வேறு ஆளை நிறுத்தினார்கள். அவன் முகம் எனக்குப் பழக்கமில்லை. கையை எப்போது வைப்பான் என்று தெரியவில்லை. பிரஸ் மெதுவாகத்தான் இறங்கியது. மூன்று நாள் வேலை. ஆர்டர் முடிந்தது. திரும்பவும் லே-ஆஃப். கேட்டில் புது நோட்டு. செக்யூரிட்டியும் புது ஆள். பழையவரை வேறு கம்பெனி கேட்டுக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள்.

மதுரைக்காரனுக்கு லெட்டர் போனது. வேலை கொடுத்தும் செய்யாமல் போனதால் நீக்கம் என்று இருந்ததாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தான். வண்டியை விட்டு இறங்கவில்லை. மனைவி டீ கொண்டுவந்து கொடுத்தாள். அப்படியே உட்கார்ந்து குடித்தான்.

"நாந்தான் போட்டேன்னு சொன்னீகளாண்ணே?"

"ஆமா."

கிளாஸில் மிச்சம் இருந்ததைக் குடித்தான்.

"வேற என்ன சொல்லுவீக. சொல்லலேன்னா ரெண்டு பேருமில்ல போயிருப்போம்" என்றான். கிளாஸைக் கொடுத்தான். "குடோன்லயும் இந்த மாசத்தோட சரியாம்ண்ணே. அங்கயும் சரக்கு வரலயாம்."

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு வரவில்லை. நானும் போன் செய்யவில்லை.

கம்பெனி ஆட்கள் சேர்ந்து லேபர் ஆபீஸருக்கு மனு எழுதினார்கள். லே-ஆஃபை எடுக்க வேண்டும், தினமும் கேட்டுக்கு வரச் சொல்லக்கூடாது, மதுரைக்காரனைத் திரும்ப எடுக்க வேண்டும். எழுதின அன்றைக்கே எனக்கு ஹெச்.ஆர். போன் செய்தார். அதுவரை அவர் என் போனுக்குப் பேசியதே இல்லை.

"ஏதோ பெட்டிஷன் ஓடுதாமே. அந்தப் பழைய நோட்டு என் டிராயர்லதான் இருக்கு. பாத்து நடந்துக்கோ" என்றார். வைத்துவிட்டார்.

மறுநாள் டீக்கடையில் மனு கைமாறி வந்தது. ஒவ்வொருவரும் பென்ச்சில் வைத்துப் போட்டார்கள். என்னிடம் வந்தது. மதுரைக்காரன் பேர் மூன்றாவது வரியில் இருந்தது. பக்கத்து ஆளிடம் தள்ளினேன்.

"இன்னாண்ணா, பேனா எழுதலயா?" என்றான் அவன்.

"நாளைக்குப் போட்றேன்."

மனு எழுதினவன் அந்தப் பக்கத்திலிருந்து சொன்னான். "உட்றா. மாசம் பூரா ரெண்டு ரெண்டா போட்டாரு. கை வலிக்கும்ல?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

மற்றவர்கள் வருவதற்குள் நோட்டில் போட்டுவிட்டுப் போய்விடலாம் என்று அடுத்த நாள் சீக்கிரமே கிளம்பினேன். ஒன்பதரைக்கெல்லாம் கேட்டில் நின்றேன். புது செக்யூரிட்டி ரூமுக்குள் உட்கார்ந்திருந்தான். நோட்டு அவன் மேஜைமேல் மூடிக் கிடந்தது.

"அவசரமா போவணும். இப்பவே போட்டுக்கவா?" என்றேன்.

"பத்து மணிக்குதான் நோட்டு."

நின்றேன். வெயில் ஏறியது. பத்து நெருங்கும்போது ஒவ்வொரு வண்டியாக வந்து நின்றது. ஒவ்வொருவராக வந்து என் பின்னால் வரிசையில் நின்றார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.